இரண்டு ஊரில் நிற்கும் பஸ்

மட்டக்களப்பில் 1996-ல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். சுற்றிலும் போர். நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு சின்னத் தோட்டம். உள்ளே குழந்தைகள் களிமண் பிசைகிறார்கள், படம் வரைகிறார்கள், முயலுக்குத் தீனி வைக்கிறார்கள். பேசாமலிருந்த குழந்தை ஒருநாள் பேசுகிறது. பிறகு கூட்டுப்புழு, சிறகு, பறத்தல். படித்து முடிக்கும்போது நமக்கே ஒரு ஆறுதல் கிடைத்துவிடும். எனக்குச் சந்தேகம் அந்த ஆறுதலின் மேல்தான், பூங்காவின் மேல் இல்லை.

பூங்காவை ஒரு கலைப்படைப்பு மாதிரி வாசித்துப் பார்த்தால் என்ன என்று கொஞ்ச நாளாகவே தோன்றிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அதைத் தொடங்கியவர் மருத்துவர் கிடையாது. பால் ஹோகன் என்கிற கனடிய ஓவியர். அதற்கு முன் டொராண்டோவில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்றில் ‘சுருள் தோட்டம்’ என்று ஒன்றை உருவாக்கியவர். உள்ளூரில் அதைத் தாங்கிப் பிடித்தவர் பால் சற்குணநாயகம் என்ற இயேசு சபைப் பாதிரியார், உளவளத்துணையில் பயிற்சி உள்ளவர். போரில் சிக்கிய குழந்தைகளின் நலம் பற்றி மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுத் திட்டம் ஒன்றும் பின்னணியில் இருந்தது. பொதுவாக இந்த மாதிரி ஆய்வு ஒரு அறிக்கையோடு முடிந்துவிடும். ஒரு அறிக்கை தோட்டமாக முளைத்தது என்பதே அபூர்வமான சங்கதிதான்.

ஆனால் பூங்காவின் முக்கியமான வடிவ உத்தி களிமண்ணும் இல்லை, வண்ணமும் இல்லை. குழந்தைகளைக் கூட்டிவர ஓடிய பஸ். அது ஒரு தமிழ்க் கிராமத்திலும் நின்றது, ஒரு முஸ்லிம் கிராமத்திலும் நின்றது. ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு நாள், ஏறக்குறைய ஒன்பது மாதம், அந்த பஸ்ஸில் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனார்கள். இதை ஒரு போக்குவரத்து ஏற்பாடு என்று வாசித்துவிட்டுக் கடந்து போக முடியாது. ஏன் என்று தெரிய 1990-க்குப் போக வேண்டும்.

அந்த வருசம் ஆகஸ்ட் 3-ம் தேதி இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. புலிகள் மறுத்தார்கள், தப்பிப் பிழைத்தவர்கள் புலிகளைத்தான் சொன்னார்கள். சில நாள் கழித்து ஏறாவூர். செப்டம்பர் 5-ம் தேதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குள் அடைக்கலம் தேடியிருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, அவர்கள் திரும்பவில்லை. செப்டம்பர் 9-ம் தேதி சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இடையில் ஆகஸ்ட் 15 அன்று யூஜின் ஹெபர்ட் என்ற அமெரிக்கப் பாதிரியார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமல் போனார். புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தவர் அவர். இன்றுவரை உடல் கிடைக்கவில்லை. ஒரு ஊரில் விளையாட்டு வாத்தியாரே காணாமல் போகிறார் என்றால் அங்கே மைதானம் என்ன கதியில் இருந்திருக்கும்?

அடுத்தடுத்து இருக்கிற ஊர்கள் இவை. ஒரு ஊரின் பயம் பக்கத்து ஊர்தான். 1996-ல் பூங்காவுக்குள் வந்த பத்து வயதுப் பிள்ளை 1990-ல் நாலு வயதாக இருந்தது. அதற்கு நடந்தது நினைவில் இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் சொல்லப்பட்ட கதை நினைவிருக்கும். யாரைப் பார்த்தால் ஒதுங்கிப் போக வேண்டும் என்பது தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையைத்தான் பஸ்ஸில் ஏற்றி ‘அந்த’ ஊர்ப் பிள்ளைக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைக்கிறார்கள். தோட்டத்துக்குள் போன பிறகு நடக்கிற கலை எல்லாம் அப்புறம். அரங்கேற்றம் பஸ்ஸிலேயே நடந்துவிடுகிறது.

*

இந்தத் துறையில் அடிக்கடி வரும் ஒரு சொற்சேர்க்கை ‘சமூகம் சார்ந்த உளசமூகச் செயல்பாடுகள்’. நிதி கேட்கும் விண்ணப்பத்திலிருந்து முனைவர் பட்ட ஆய்வு வரை இதுதான். வெள்ளைக்கார நிபுணர் விமானத்தில் வந்து இறங்கி ஆலோசனை சொல்லிவிட்டுப் போவதற்கு எதிராக, உள்ளூர் ஆட்களை வைத்து, உள்ளூர் வழக்கங்களை வைத்துச் செய்வது என்று அர்த்தம். நல்ல நோக்கம்தான்.

ஆனால் கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் வளர்ந்தவனுக்கு ‘சமூகம்’ என்ற சொல் காதில் எப்படி விழும்? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஊர் கேட்பார், தோட்டம் இருக்கான்னு கேட்பார், அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “நீங்க என்ன சமூகமுங்க?” என்பார். சாதி என்று நேரடியாகக் கேட்பது மரியாதை இல்லை, அதனால் சமூகம். கல்யாண மண்டபம், அறக்கட்டளை, கல்லூரி, விடுதி எல்லாமே ‘நம்ம சமூகத்துக்காக’. இந்த மண்ணில் ‘சமூகம் சார்ந்த பொழுதுபோக்கு’ என்று சொன்னால் என்ன கிடைக்கும் என்பதற்கு உதாரணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: வள்ளி கும்மி. அருமையான ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் போன்ற ஆசான்கள் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பல்லாண்டுகள் கற்றுக்கொடுத்துக் காப்பாற்றிய கலை. 2024-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கும் சந்தோசம்தான். இன்றைக்கு ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் ஒரே நிறச் சேலை கட்டிச் சேர்ந்து ஆடுகிற அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, சந்தேகமே இல்லை. அதே கும்மி மேடையில் சாதிக்குள்ளேயே மணம் முடிப்போம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தார்கள் என்ற சர்ச்சையும் எழுந்தது. ஆட்டம் கூட்டத்தைக் கட்டும். எந்தக் கூட்டத்தை என்பதை ஆட்டம் முடிவு செய்யாது.

அதனால்தான் மட்டக்களப்புப் பூங்காவை ‘சமூகம் சார்ந்த’ என்ற அடைமொழிக்குள் போடுவது எனக்குத் தப்பாகத் தெரிகிறது. உள்ளூர் சார்ந்தது என்று சொல்லலாம், உள்ளூர் இளைஞர்கள்தான் அங்கே குழந்தைகளோடு வேலை செய்தார்கள். ஆனால் சமூகம் என்ற சொல்லுக்கு அங்கேயும் இனம், மதம் என்றுதான் பொருள். பூங்கா செய்தது, வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளைச் சமூகத்திடமிருந்து கடன் வாங்கியது. சாயந்தரம் திருப்பிக் கொடுத்தது. அந்தக் கடன் இல்லாமல் மீதி எல்லாவற்றையும் செய்திருந்தால், அதாவது தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனித் தோட்டம், முஸ்லிம் பிள்ளைகளுக்குத் தனித் தோட்டம், இரண்டிலும் அதே களிமண், அதே முயல் என்று இருந்திருந்தால், அளவுகோலில் இரண்டு தோட்டமும் ‘வெற்றி’ என்றே வந்திருக்கக்கூடும். பிள்ளைகள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள், பசி எடுத்திருக்கும், கெட்ட கனவு குறைந்திருக்கும். பக்கத்து ஊர் மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

கோவைக்காரர்களுக்கு இது வெளியூர்க் கதை மாதிரித் தெரிந்தால் ஆச்சரியம்தான். 1997 நவம்பர் 29-ம் தேதி உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அடுத்து வந்த கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை, தொடர் குண்டுவெடிப்பு. 58 பேர் போனார்கள், இருநூறு பேருக்கு மேல் காயம். கோட்டைமேட்டைச் சுற்றி வருசக்கணக்கில் சோதனைச் சாவடிகள் இருந்தன. அப்போது நான் ஆரம்பப் பள்ளி. எங்கள் தெருவிலிருந்து உக்கடம் ரொம்ப தூரம், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு அண்ணன்மார் அதற்கப்புறம் வரவில்லை. யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை. யாரும் ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. டீமுக்கு விக்கெட் கீப்பர் இல்லாமல் போனது ஒரு பிரச்சினையாகப் பேசப்பட்டது, அவ்வளவுதான்.

அந்த நாட்களைப் பற்றி விசாரணை ஆணையம் இருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கின்றன, தேர்தல் மேடைப் பேச்சுகள் ஏராளம். அன்றைக்கு எட்டு வயது, பத்து வயது இருந்தவர்கள் எதை விளையாடினார்கள், யாரோடு விளையாடுவதை நிறுத்தினார்கள் என்பது பற்றி நம் இலக்கியத்தில் எத்தனை பக்கம் தேறும்? ஈழத்துக் குழந்தையின் துயரத்தைப் படித்து உருகுகிற நம் வாசகக் கூட்டம், கோட்டைமேட்டுக் குழந்தையின் 1998-ஐ ஒரு கேள்வியாகக்கூட எடுத்துக்கொண்டதில்லை. தூரத்துப் போர் உருகுவதற்கு வசதியாக இருக்கிறது.

*

ஈழத்து நாடகக்காரர்கள் நிகழ்த்துவதை ‘ஆற்றுகை’ என்பார்கள். நாங்கள் இங்கே பாலை ஆத்துவோம், சூட்டை ஆத்துவோம். ரணம் ஆறும் என்போம். உளவளத்துணையை ‘ஆற்றுப்படுத்தல்’ என்று சொல்லும் வழக்கும் அங்கே உண்டு. செய்தல், நிகழ்த்துதல், தணித்தல் எல்லாம் ஒரே ஒலியைச் சுற்றி வருகின்றன. வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்கிறவர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து அரங்கு இந்த இரண்டு அர்த்தத்தையும் பிடித்துக்கொண்டு நின்றது என்பதுதான் எனக்கு முக்கியம்.

குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-ல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். குழந்தைகளுக்காக எழுதிய ‘கூடி விளையாடு பாப்பா’வின் தலைப்பைப் பாரதியிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1985-ல் அவர் எழுதி க. சிதம்பரநாதன் இயக்கிய ‘மண் சுமந்த மேனியர்’ ஒரு தலைமுறையை உலுக்கியது. பிறகு ‘அன்னை இட்ட தீ’, போர் மனசுக்குள் செய்கிற வேலையைக் கருவாக எடுத்துக்கொண்ட நாடகம். ‘எந்தையும் தாயும்’, பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட வீட்டில் தனியாகிப் போன முதியவர்களைப் பற்றியது. இதே காலத்தில் இதே ஊரில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வேலை செய்துகொண்டிருந்தார். ‘முறிந்த பனை’ எழுதிய நால்வரில் ஒருவர். ‘மனவடு’ என்ற சொல் அங்கே பரவலானதில் அவருக்கும் பங்கு உண்டு. அவருடைய எழுத்தில் எனக்குப் பிடித்த நகர்வு இதுதான்: 1998-ல் வந்த ஆங்கில நூலின் தலைப்பில் வடுப்பட்டவை மனங்கள். 2014-ல் வந்த நூலின் தலைப்பில் வடுப்பட்டவை சமூகங்கள். நோயாளி தனி ஆள் இல்லை, ஊரே நோயாளி என்று சொல்ல அவருக்குப் பதினாறு வருசமும் ஒரு முள்ளிவாய்க்காலும் தேவைப்பட்டிருக்கிறது.

இலங்கையில் நாடகமும் அரங்கியலும் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்குரிய பாடம். அதனால் நாடகம் தெரிந்த ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், போர் வந்தபோது அவர்கள் கையில் ஏதோ ஒரு கருவி இருந்தது. நம் ஊரில் பி.டி. பீரியடையே கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிடுவார், திருப்பியும் தரமாட்டார். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்து வந்த நண்பர்களிடம் விளையாட்டு மைதானம் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். குழந்தையின் விளையாட்டை ஒழிக்கப் போர்தான் வேண்டும் என்றில்லை.

ஆனால் இந்த அரங்கின் இன்னொரு பக்கத்தையும் பேசியாக வேண்டும். ஈழ அரங்கைப் பற்றித் தமிழகத்தில் எழுதப்படும் பாராட்டுகள் வழக்கமாகத் தவிர்த்துவிடும் பக்கம் இது. குழந்தைகளின் பயத்தை இறக்கி வைக்க உதவிய அதே வடிவங்கள் அவர்களைப் போருக்குள் இழுக்கவும் உதவின. புலிகள் பிள்ளைகளைச் சேர்க்கத் தெருநாடகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பது மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. சந்தியில் பறை அடிக்கும், கூட்டம் சேரும், பிள்ளைகள் முன்வரிசையில் உட்காருவார்கள். நாடகம் முடியும்போது சில பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பாது. சிதம்பரநாதனின் அரங்கச் செயற்பாட்டுக் குழு சிறுவர்களோடும் மக்களோடும் பட்டறைகள் நடத்தியது. 2001 ஜனவரி 17 அன்று யாழ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘பொங்கு தமிழ்’ எழுச்சியிலும் அவர்தான் முக்கியமானவர். பேசமுடியாமல் இருந்த மக்கள் பேசினார்கள், அது உண்மை. சில வருசத்தில் அந்தப் பேச்சு முழுக்க ஒரே குரலாக மாறியதும் உண்மை. ஒரே ஆள், ஒரே பயிற்சி, ஒரே உடல்மொழி. எது தணிப்பது, எது மூட்டுவது என்று உள்ளே இருப்பவர்களுக்கே தெரிந்திருக்குமா? பாலை ஆத்துகிறவன் டம்ளரை மேலே தூக்கத் தூக்க நுரை பொங்கும்.

இதைப் போராளிகள் மேல் மட்டும் போட்டுவிட்டு நகர முடியாது. நம் வாசிப்பும் அப்படித்தான் இருந்தது. ஈழக் கதைகளில் குழந்தை வந்தால் ஒன்று பிணம், இல்லையென்றால் குட்டி வீரன். விளையாடுகிற குழந்தை ரொம்ப அபூர்வம். பங்கருக்குள் இருந்துகொண்டு கல்லாங்காய் ஆடுகிற பிள்ளை, ஷெல் சத்தத்தைக் கேட்டு இது எந்த முகாமிலிருந்து வருகிறது என்று பந்தயம் கட்டுகிற பிள்ளை, இவர்கள் அழ வைக்கமாட்டார்கள். எதற்கும் சாட்சியாக நிற்கமாட்டார்கள். அதனால் அவர்களை நாம் வாசிக்கவில்லை.

*

சரி, விளையாட்டு உண்மையிலேயே குணப்படுத்துகிறதா? இதற்கு ஒரு நேர்மையான பதில் முயற்சி யாழ்ப்பாணத்திலேயே நடந்திருக்கிறது. டோல், ஜோர்டன்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்டது. 9 முதல் 12 வயது வரை 399 பள்ளிப் பிள்ளைகள். பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு 15 அமர்வுகள் கொண்ட ஒரு திட்டம்: விளையாட்டு, வரைதல், நாடகம், கூடவே சில அறிவாற்றல் சிகிச்சை உத்திகள். இன்னொரு பக்கம் காத்திருப்புப் பட்டியல். என் தொழிலில் இதை ஏ/பி டெஸ்ட் என்போம். பட்டன் நீலமா பச்சையா என்று பார்க்கத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம், இவர்கள் கெட்ட கனவை அளந்திருக்கிறார்கள்.

முடிவு: மொத்தமாகப் பார்த்தால் மனவடு அறிகுறிகளிலோ மனச்சோர்விலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நடத்தைக் கோளாறுகள் குறைந்தன. பையன்களுக்கு மனவடு அறிகுறியும் பதற்றமும் குறைந்தன. அப்போதைய போர் நெருக்கடி கம்மியாக இருந்த பிள்ளைகளுக்குப் பலன் தெரிந்தது. பெண்பிள்ளைகள் விசயத்தில் மட்டும் தலைகீழ். திட்டத்தில் இருந்த பெண்பிள்ளைகளை விட, ஒன்றும் செய்யாமல் காத்திருந்த பெண்பிள்ளைகளுக்குத்தான் மனவடு அறிகுறிகள் அதிகமாகக் குறைந்தன.

இந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சராசரிக்குள் இப்படி ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும் என்பது எண்களோடு வேலை செய்கிற எவருக்கும் தெரியும், இருந்தாலும் நெஞ்சில் ஏதோ இடறுகிறது. பெண்பிள்ளையை விளையாட விட்டதால் கெடுதி என்று அவசரமாக யாராவது இதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. யோசிக்க வேண்டியது, பதினைந்து அமர்வுக்குள் மனசைத் திறக்கச் சொன்ன பிறகு அந்தப் பெண்பிள்ளை திரும்பிப் போன வீடு எது என்பதை. பையன் வெளியே போய்ப் பந்து அடிப்பான். அவள் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் போவாள். வடகிழக்கு இலங்கையில் கதானி குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கதவைத் திறக்கிறது: போர், சுனாமி இரண்டையும் பார்த்த பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் அப்பாவின் குடியும் அடியும் மூன்றாவது பேரிடராக இருந்தது. திறந்த மனசோடு அந்த வீட்டுக்குள் போவது மூடிய மனசோடு போவதைவிடக் கடினமாக இருந்திருக்கலாம். இது என் ஊகம், ஆய்வாளர்களின் முடிவு இல்லை.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வு விளையாட்டுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. பதினைந்து அமர்வுக்கு எதிரான சாட்சியம். கையேட்டுக்கு எதிரானது. பூங்காவின் ஒன்பது மாதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ‘இன்றைக்கு உன் துயரத்தை வரை’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரு வாரம் முயலுக்குத் தழை பறித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். பயன் எதுவும் இல்லாமல் ஒரு நாள் கழியலாம். அளக்க முடியாத நாட்கள் அந்தத் திட்டத்தின் நடுவிலேயே இருந்தன.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புக் கரைக்கு வந்து குவிந்த தொண்டு நிறுவனங்கள் இந்த வெற்று நாட்களைத்தான் முதலில் ஒழித்தன. கூடாரம், ‘சிறுவர் நேய வெளி’ என்ற பலகை, ஒரே மாதிரியான கிரேயான் பெட்டி, அலையை வரையச் சொல்லும் தாள், படம் எடுக்கக் கேமரா. எல்லாரையும் சொல்லவில்லை, நன்றாகச் செய்தவர்களும் உண்டு. ஆனால் குழந்தை வரைந்த அலை யாருக்காக வரையப்பட்டது என்று கேட்டால் பல இடத்தில் பதில், அறிக்கையின் அட்டைக்காக.

இதற்கு மாற்றாக எனக்குப் பிடித்த முன்மாதிரி ஒரு குப்பைமேடு. 1943-ல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த கோபன்ஹேகனில், எம்ட்ரப் என்ற இடத்தில், நிலவடிவமைப்பாளர் சோரன்சனின் யோசனைப்படி ஒரு திடல் திறந்தார்கள். ஊஞ்சல் கிடையாது, சறுக்குமரம் கிடையாது. பழைய பலகை, செங்கல், ஆணி, சுத்தியல், மண். பிள்ளைகள் வேண்டியதைக் கட்டலாம், இடிக்கலாம். இங்கிலாந்திலிருந்து அதைப் போய்ப் பார்த்த லேடி ஆலன், லண்டனில் குண்டு விழுந்து கிடந்த காலியிடங்களுக்கு அந்த யோசனையைக் கொண்டுவந்தார். குண்டு இடித்துப்போட்ட செங்கல்லாலேயே பிள்ளைகள் கட்டினார்கள். யாரும் அதைச் சிகிச்சை என்று சொல்லவில்லை.

காஸாவில் 2011 ஜூலையில் ஐ.நா. கோடை விளையாட்டுகளின்போது பிள்ளைகள் 12,350 பட்டங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டு கின்னஸ் சாதனை செய்தார்கள். உலகமே அந்தப் படத்தைப் பகிர்ந்தது. அந்தப் பட்டங்களின் நூல் பிடித்த கைகளுக்கு இப்போது இருபது, இருபத்தைந்து வயதாக இருக்க வேண்டும். 2023 அக்டோபருக்குப் பிறகு அந்தக் கைகளில் எத்தனை மிச்சம் என்ற கேள்வியோடுதான் இன்று அந்தப் படத்தைப் பார்க்க முடிகிறது. ‘விளையாட்டின் பலன்’ என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வார்சா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக் நடத்திய அநாதை இல்லத்தில் 1942 ஜூலை 18 அன்று குழந்தைகள் தாகூரின் ‘தபால் நிலையம்’ நாடகத்தைப் போட்டார்கள். வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் அடைத்து வைத்த சிறுவன் அமல், ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டு, ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருந்து, கடைசியில் உறங்கிப்போகிற கதை. மூன்று வாரத்துக்குள் கோர்ச்சாக்கும் ஏறக்குறைய இருநூறு பிள்ளைகளும் திரெப்லிங்காவுக்கு ஏற்றப்பட்டார்கள். எந்த அளவுகோலிலும் அந்த ஆற்றுகைக்கு ‘விளைவு’ கிடையாது. பின்தொடர் ஆய்வு செய்ய ஆளே மிஞ்சவில்லை. ஆனாலும் அந்த மாலை நடந்திருக்க வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தை விளையாடுவதற்கு ‘பிற்காலத்தில் ஆரோக்கியமான குடிமகனாக வருவான்’ என்பதைத் தவிர வேறு காரணமே நம்மிடம் இல்லையென்றால், பிற்காலம் இல்லாத குழந்தைக்கு நாம் என்ன சொல்வோம்?

*

இந்தக் கேள்வியோடு போர்ப் பகுதியைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. கோவைக்கு மேற்கே பூலுவபட்டியில் ஒரு முகாம் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் இருப்பது தமிழகத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021-ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, புது வீடுகளும் கட்டிக்கொடுத்தது. நல்லது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எங்கள் வட்டாரத்து ‘ங்க’ போட்டுப் பேசுகிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். சிலருக்கு அம்மா அப்பாவே இங்கே பிறந்தவர்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. உதவித்தொகை நாளில் தலை எண்ணுவார்கள், வெளியே தங்கப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். குண்டுச் சத்தம் கேட்டிராத ஒரு பிள்ளைக்குப் போர் இப்படிக் காகிதமாக வந்து சேர்கிறது.

1984-லிருந்து ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த முகாம்களுக்குள் படிப்புக்கும் உளவளத்துணைக்கும் வேலை செய்து வருகிறது, பெரும்பாலும் முகாம்வாசிகளை வைத்தே. முகாம் பையன்களின் கிரிக்கெட் அணிகள் சுற்றுவட்டார டோர்னமெண்டுகளில் ஆடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் பற்றி எழுதும்போது நாம் மறுபடி அந்தக் கூட்டுப்புழு உவமையைத்தான் எடுப்போம் என்று நினைக்கிறேன். அதைவிட உபயோகமான விசாரணை, அந்த ஆட்டங்களில் எதிர் அணி யார், ஊர்ப் பையன்கள் முகாம் மைதானத்துக்கு வந்து ஆடுகிறார்களா, இல்லை முகாம் பையன்கள்தான் எப்போதும் வெளியே போய் ஆட வேண்டியிருக்கிறதா என்பது. பெண்பிள்ளைகள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பது.

பவானிசாகர் அணைப் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்தும் சத்தியமங்கலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மீன் வறுவல் சாப்பிட்டு, பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டு, இருட்டுவதற்குள் வண்டியைக் கிளப்புகிறார்கள். அணைக்குப் பக்கத்திலேயே முகாம் இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பஸ் இரண்டு இடத்திலும் நிற்கிறது.